பத்துப் பவுண் தாளில் இல்லாத முகம்

ஷெர்லொக் ஹோம்ஸை வரைந்து முடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. ஜேன் ஒஸ்டினுக்கு ஏழு வாரங்கள் பிடித்தன. அதன் பிறகும் முடிந்துவிட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. பிறக்கவே பிறக்காத ஒரு மனிதர் கேட்டவுடன் பலகையில் வந்து நிற்க, நாற்பத்தொரு வருடங்கள் வாழ்ந்து, நாவல்களும் நூற்றுக்கணக்கில் கடிதங்களும் எழுதி, வின்செஸ்டர் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் ஒரு பெண் ஏன் வர மறுத்தார் என்ற கேள்வி, தூரிகைகளைக் கழுவி வைத்து மாதங்கள் கடந்தும் என்னை விடவில்லை. அதை எழுதித்தான் தீர்க்கலாம் என்று தோன்றுகிறது.

நான் பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். ஓவியம் சனிக்கிழமைகளின் காரியம். லண்டனில் எங்கள் பகுதி நூலகத்தின் சிறுவர் பிரிவைப் புதுப்பித்தபோது, அங்கு நடந்த ஓவிய வகுப்புக்குப் போய்வந்த எங்களிடம் ஒரு வேலை தரப்பட்டது. ஆளுயரத்தில் பன்னிரண்டு ஒட்டுப்பலகைகள். ஒவ்வொன்றிலும் புகழ்பெற்ற ஒரு பிரித்தானியர். ஆறு பேர் வரலாற்றிலிருந்து, ஆறு பேர் கதைகளிலிருந்து. ஆறுபேராகத் தொடங்கிய எங்கள் குழு, பரீட்சை, குழந்தைப் பேறு, முதுகுவலி ஆகிய காரணங்களால் மூன்றாம் வாரமே நானும் ஓர் ஓய்வுபெற்ற தச்சருமாகச் சுருங்கியது. தச்சர் பலகைகளுக்குக் கால் பொருத்தினார். முகங்கள் என் தலையில் விழுந்தன. பட்டியலைத் தயாரித்தபோது எழுந்த ஒரே தகராறு வாழ்ந்தவரா கதையா என்று தெரியாத ரொபின் ஹூட்டை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதுதான். முடிவில் அவரை இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, கதைப் பக்கத்துக் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

கதையிலிருந்து வந்தவர்கள்

ஹோம்ஸை வரைய எந்த மாதிரிப் படமும் தேவைப்படவில்லை. காதுகளை மூடும் மடிப்புகள் கொண்ட தொப்பி, வளைந்த புகைக்குழாய், பருந்தின் மூக்கு. வண்ணம் காயும் முன்பே, கடந்து போன ஒரு சிறுவன் பெயரைச் சொல்லிவிட்டான். அன்றிரவு மகிழ்ச்சியோடு வீடு திரும்பிய நான், இந்த முகத்தை முதலில் யார் வரைந்தார்கள் என்று தேடத் தொடங்கியதுதான் பின்னர் வந்த குழப்பங்களுக்கெல்லாம் தொடக்கம். ஆர்தர் கொனன் டொயிலின் கதைகளில் அந்தத் தொப்பியின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. 1891 இல் 'ஸ்ட்ராண்ட்' இதழுக்குப் படம் வரைந்த சிட்னி பஜெட், தலையோடு ஒட்டிய துணித்தொப்பி என்று ஒரு கதையில் எழுதப்பட்டிருந்ததை மான் வேட்டைக்குப் போகிறவர்களின் தொப்பியாக வரைந்தார். வளைந்த குழாயோ மேடையில் ஹோம்ஸாக நடித்த அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இவர்களுக்கெல்லாம் முன்பு, 1888 இல் வெளிவந்த முதல் நாவலின் நூற்பதிப்புக்கு டொயிலின் தந்தையே படம் வரைந்திருக்கிறார். அதில் ஹோம்ஸுக்குத் தாடி. தாம் மனத்தில் கண்ட ஆள் இவ்வளவு அழகானவர் அல்லர் என்றும், பெண் வாசகர்களை எண்ணிப் பார்த்தால் பஜெட் அழகாக வரைந்ததும் நல்லதாகவே போயிற்று என்றும் டொயில் பிற்காலத்தில் எழுதினார். அதாவது நான் ஒரே மாலையில் வரைந்த முகம், அவரைப் படைத்தவரின் மனத்தில் இருந்த முகமே அன்று. ஆனாலும் அது பொய்யென்று ஒருவரும் சொல்லப் போவதில்லை, சொல்லவும் முடியாது.

இந்த மனிதர்மேல் எனக்குத் தனிப்பட்ட உரிமை ஒன்றும் உண்டு. நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள். ஸ்ட்ராண்ட் இதழில் வந்த முதல் ஹோம்ஸ் கதையின் தொடக்கத்தில், அவர் துப்புத் துலக்கிய வேலைகளை நண்பர் வொட்சன் அடுக்கும்போது, திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரம் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அந்த வழக்கு என்னவென்று டொயில் கடைசிவரை எழுதவில்லை. பாடசாலை நூலகத்தில் அதைப் படித்த பதின்மூன்று வயதில், அது எந்த வீதியில் நடந்திருக்கும் என்று தோழியோடு ஒரு விடுமுறை முழுவதும் தேடி அலைந்தேன். டொக்யார்ட் வீதியில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைச் சந்தேகத்தின் பேரில் அட்கின்சன்களுக்கு ஒதுக்கியும் வைத்தோம். ஆகவே, 1932 இல் பேக்கர் வீதிக்கு வந்த ஒரு வீட்டுக்கடன் நிறுவனம், கதைகளில் ஹோம்ஸ் குடியிருக்கும் 221ஆம் இலக்கத்தையும் உள்ளடக்கிய கட்டடத்தில் இருந்ததால், ஹோம்ஸுக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதவே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மற்றக் கதைமாந்தரும் அப்படித்தான் வந்து நின்றார்கள். அலிஸுக்கு நீலச் சட்டையும் நீண்ட பொன்னிறக் கூந்தலும். லூயிஸ் கரோல் யாருக்காக அந்தக் கதையைச் சொன்னாரோ அந்த அலிஸ் லிடெல், நெற்றியில் வெட்டிவிட்ட கட்டைக் கருங்கூந்தல் கொண்ட சிறுமி; 1865 நூலுக்குப் படம் வரைந்த ஜோன் டெனியல் அவளைப் பார்த்து வரையவில்லை. நீலமும் தொடக்கத்திலிருந்தே வந்ததன்று. 1890 இல் சின்னஞ்சிறு குழந்தைகளுக்காக டெனியலே வண்ணம் சேர்த்த பதிப்பில் அவள் மஞ்சள் சட்டைதான் அணிந்திருக்கிறாள். நான் மஞ்சளில் தீட்டியிருந்தால் நூலகத்துக்கு வரும் ஒரு குழந்தைக்கும் அடையாளம் தெரிந்திராது என்பதால் நீலத்தையே எடுத்தேன். பீட்டர் பானுக்குக் கென்சிங்டன் பூங்காவில் 1912 முதல் நிற்கும் சிலையைப் பின்பற்றினேன். பீட்டரைப் படைத்தவரும் அதைச் செய்வித்தவருமான ஜேம்ஸ் பாரிக்கே அந்தச் சிலை பிடிக்கவில்லை. பீட்டருக்குள் இருக்கும் குட்டிச்சாத்தான் அதில் வெளிப்படவில்லை என்பது அவருடைய குறை. ஆயினும் குழந்தைகள் ஏறிப் பிடித்துப் பிடித்து வெண்கல முயல்களின் காதுகள் பளபளக்கின்றன. கதைமாந்தருக்கு மூலமுகம் என்று ஒன்று கிடையாது; எல்லோரும் ஏற்றுக்கொண்டதே முகம். அதை வரைவது ஊரறிந்த கோலத்தை வாசலில் போடுவது போன்றது, கை தானாகவே போகும்.

வாழ்ந்தவர்கள்

வரலாற்று வரிசைக்கு வந்தபோதுதான் கை நின்றது. முதலாம் எலிசபெத் அறுபதுகளின் இறுதியில் இருந்த காலத்தில் தீட்டப்பட்ட ஓவியங்களில் இளம்பெண்ணின் சுருக்கமற்ற முகத்தோடு இருக்கிறார். அது அரச கட்டளை. ஷேக்ஸ்பியரின் புகழ்பெற்ற செதுக்குப்படம் அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623 தொகுப்புக்காகச் செய்யப்பட்டது. அதன் எதிர்ப்பக்கத்திலேயே சக நாடகாசிரியர் பென் ஜொன்சன், படத்தைப் பாராதீர்கள், நூலைப் பாருங்கள் என்று வாசகருக்கு எழுதிவைத்தார். கடற்படைத் தளபதி நெல்சனையும் தாதி நைட்டிங்கேலையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவருக்குச் சீருடையும் இவருக்கு விளக்கும் இருந்ததால் முகத்தை எவரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் முடித்தேன்.

மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் வேறு வகை. அவர் உயிரோடிருந்தபோது தீட்டிய ஓவியம் எதுவும் நம்மிடம் இல்லை. இருப்பவை அவரை வென்றவர்களின் ஆட்சியில் வரையப்பட்டவை. அரச சேகரிப்பில் உள்ள ஒன்றை ஊடுகதிரில் பார்த்தபோது, வலது தோளைப் பின்னர் உயர்த்தி மாற்றியிருப்பது தெரிந்தது. கூனல் வேண்டியிருந்தது, வண்ணத்தால் கொடுத்தார்கள். பின்னர் 2012 இல் லெஸ்டர் நகரத்தின் ஒரு வாகனத் தரிப்பிடத்துக்கு அடியில் அவருடைய எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மை, கூனல் இல்லை. டண்டீ பல்கலைக்கழகத்தின் கரோலைன் வில்கின்சன் மண்டையோட்டிலிருந்து முகத்தை மீட்டுருவாக்கினார். அதற்கு முதலில் கருங்கூந்தல் வைக்கப்பட்டது. 2014 இல் வெளிவந்த மரபணு ஆய்வு, கண்கள் பெரும்பாலும் நீலமாகவும் சிறுவயதிலாவது கூந்தல் பொன்னிறமாகவும் இருந்திருக்கும் என்று சொல்ல, அந்த உருவத்தைத் திருத்தினார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவருக்கு, நான் லண்டனுக்குக் குடிவந்த பிறகு கண்ணின் நிறம் மாறியிருக்கிறது. இதை நான் புதிய கண்டுபிடிப்பின்படியே தீட்டினேன். அதன் பலனாக, பெயர்ப்பலகையைப் படிக்காமல் அவரை அடையாளம் கண்டவர் இன்றுவரை ஒருவருமில்லை. வரலாற்று ஆசிரியர் ஒருவர்கூட, இது யாரோ நடிகரா என்று கேட்டார்.

ஜேன் ஒஸ்டினில் இந்தத் தொல்லை வராது என்று நினைத்தேன். அவருடைய முகம் என் கைப்பையிலேயே இருக்கிறதே! 2017 செப்டெம்பரில் வெளியான பத்துப் பவுண் தாளிலிருந்து உருண்டை முகம், பெரிய மென்மையான கண்கள், சுருட்டை முடி, விளிம்பு வைத்த தொப்பி எல்லாவற்றையும் பார்த்து அப்படியே தீட்டிவிட்டேன். தாளில் படத்தோடு ஒரு வாசகமும் இருக்கிறது: வாசிப்பைப் போன்ற இன்பம் வேறில்லை என்ற பொருளில். அவருடைய நாவலொன்றில் அதைச் சொல்கிறவள் கரோலைன் பிங்லி. எதிரில் இருக்கும் ஆணைக் கவர்வதற்காக ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவள், அடுத்த நிமிடம் கொட்டாவி விட்டு அதை எறிந்துவிடுபவள். வாழ்ந்த ஒருவரின் படத்தின்கீழ், வாழாத ஒருத்தியின் பொய்! இதைக் கவனித்த அன்றும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. படமும் அப்படிப்பட்டதுதானோ என்ற எண்ணம் அப்போது எழவில்லை.

கசாண்ட்ராவின் பென்சில்

திரும்புமுனை தேசிய உருவப்பட மண்டபத்தில் நிகழ்ந்தது. எலிசபெத்தின் உடை விளிம்புகளைப் பார்க்கப் போன நான், ஒரு சிறிய சட்டகத்தின் முன் நின்றுவிட்டேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கடதாசித் துண்டு அது. உயரம் பதினொரு சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டும். 1810 அளவில், ஜேனின் அக்கா கசாண்ட்ரா பென்சிலாலும் சிறிது நீர்வண்ணத்தாலும் வரைந்தது. முகத்திலும் கூந்தலிலும் மட்டும்தான் வண்ணம். உடல் அவசரக் கோடுகள். கைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார். உதடுகள் இறுகியிருக்கின்றன. கண்கள் நம்மையும் வரைகிறவரையும் பார்க்காமல் ஒரு பக்கமாக எங்கோ போகின்றன. ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று கேட்கும் முகம் அது. எங்கள் வீட்டில் அக்கா புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் நான் அப்படித்தான் இருந்திருப்பேன்.

பலகையில் நான் தீட்டிய பெண்ணும் இவரும் ஒருவரேதானா என்று பார்த்தேன். ஒருவர்தான். தொப்பியின் மடிப்பு, நெற்றிச் சுருள்கள், தலை திரும்பிய கோணம் எல்லாம் அதே. மாறியிருந்தது மனநிலை மட்டுமே. நடந்தது இதுதான்: ஜேன் இறந்து அரை நூற்றாண்டு கழிந்தபின், அவருடைய வரலாற்றை எழுதிய அண்ணன் மகனான மருமகன் ஜேம்ஸ் எட்வர்ட் ஒஸ்டின் லீ, இந்தப் பென்சில் படத்தை ஜேம்ஸ் அன்ட்ரூஸ் என்ற ஓவியரிடம் கொடுத்துத் திருத்தி வரையச் செய்தார். கட்டிய கைகள் இறங்கின, முகம் உருண்டது, கண்கள் கனிந்தன. அதிலிருந்து செய்த செதுக்குப்படம் நூலின் முகப்பில் வந்தது. அதுவே பணத்தாளுக்கும் போனது. ஹோம்ஸை பஜெட் அழகாக்கினார், ஜேனை அன்ட்ரூஸ் அழகாக்கினார். செயல் ஒன்றுதான். முதலாவதை நான் ரசித்தேன். இரண்டாவதை அறிந்தபோது, என் கையாலேயே நானும் அதைச் செய்திருக்கிறேன் என்று கூசியது.

அடுத்த சனிக்கிழமை பலகைக்கு வெள்ளை பூசி, கசாண்ட்ரா கண்ட முகத்தை ஆளுயரத்தில் வரைந்தேன். இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும்: அக்கா வரைந்ததால் சாயல் சரியாகத்தான் இருக்கும் என்று வாதாட எனக்கு வழியில்லை. ஜேனை அறிந்த அடுத்த தலைமுறை உறவினர்களே அந்தப் படம் அவரைப்போல் இல்லவே இல்லை என்றார்கள். அப்படியானால் அழகாக்கிய படம்தான் உண்மைக்கு நெருக்கமோ? இருக்கவும் கூடும். ஆனால் அதை வரைந்தவர் ஜேனைக் கண்டதே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்துத் தவறுவது ஒன்று, பாராமலே திருத்துவது இன்னொன்று. இந்த நியாயத்தோடு நான் நிம்மதியாக இருந்த இரண்டாம் நாள், நூலகப் பொறுப்பாளர் வந்து பலகையை நெடுநேரம் பார்த்தார். மிகவும் நல்ல மனிதர். எனக்கு வண்ணம் வாங்கத் தம் கையிலிருந்து பணம் கொடுத்தவர். சிறுவர் பிரிவு அல்லவா, கோபமாக இருப்பதுபோல் தெரிகிறதே, உதட்டோரத்தில் சிறிதாக ஒரு சிரிப்பு வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒரு தூரிகைத் தொடுகை போதும். ஒரு நிமிட வேலை. மருமகனும் அந்த ஓவியரிடம் இவ்வளவு மரியாதையாகத்தான் கேட்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டு, பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிரவு ஊரிலிருந்து அப்பா பேசினார். நாற்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். பலகை வேலை எப்படிப் போகிறது என்று கேட்டபோது, ஜேன் ஒஸ்டினால் எனக்கு நித்திரை இல்லை என்று சொன்னேன்.

"அந்த மனுசியின்ர தம்பி எங்கட எஸ்பிளனேட் கல்லறைக்குள்ளதானே கிடக்கிறார், பிள்ளை."

"உண்மையாவோ, அப்பா?"

"பின்னே? பள்ளிக்கூடம் போகேக்க எத்தனை தரம் அதைத் தாண்டிப் போயிருப்பாய். நீ அட்கின்சனைத் தேடித் திரிஞ்சாய், ஒஸ்டினை விட்டிட்டாய்."

சார்ள்ஸ் ஒஸ்டின், குடும்பத்தின் கடைக்குட்டி, கடற்படையில் சேர்ந்து ரியர் அட்மிரல்வரை உயர்ந்தவர். 1852 இல், இரண்டாவது பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே வாந்திபேதியால் இறந்தார். உடலைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். எழுதப்படாத ஒரு கதையின் கொலைகாரரைத் தேடிக்கொண்டு நான் சைக்கிளில் கடந்த மதிலுக்கு அப்பால், உண்மையான ஒருவர் அந்தக் காலமெல்லாம் படுத்திருந்திருக்கிறார். இந்தத் தம்பிதான் 1801 இல், போரில் கிடைத்த பரிசுப் பணத்தில் இரு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கிக் கொடுத்தவர். இளவயதிலேயே சீருடையோடு அவருக்கு எண்ணெய் வண்ண உருவப்படம் தீட்டப்பட்டிருக்கிறது. ஜேனுக்கு அப்படி ஓர் ஓவியரின் முன் உட்கார வாய்த்ததாகத் தெரியவில்லை. அவருக்குக் கிடைத்தது அக்காவின் பென்சில்.

அப்பா மறுநாளே கல்லறையைப் படம் எடுத்து அனுப்பினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கசாண்ட்ராவின் இன்னொரு படம் நினைவுக்கு வந்தது. 1804 இல், ஒரு வெயில் நாளில், ஏதோ ஓர் உலாவின்போது வரைந்தது. ஜேன் வெளியில் தரையோடு உட்கார்ந்திருக்கிறார். வெயிலுக்குத் தொப்பியின் நாடாக்களை அவிழ்த்துவிட்டிருக்கிறார். வெளிர்நீலச் சட்டை சுற்றிலும் பரந்து கிடக்கிறது. முதுகு நம் பக்கம். முகம் தெரியாது. தங்கையை வரைய உட்கார்ந்த ஒருத்தி எதிரே போய் உட்காராமல், அவர் பார்த்துக்கொண்டிருந்ததைக் கெடுக்காமல், பின்னாலிருந்து வரைந்திருக்கிறார். அந்தப் படத்தை இனிமேல் எவராலும் சிரிக்க வைக்க முடியாது.

பலகைக்கு மறுபடியும் வெள்ளை பூசினேன். நாடாவின் தொங்கலும் சட்டையின் மடிப்புகளும் வர நான்கு வாரம் ஆயிற்று. பொறுப்பாளர் வந்து பார்த்துவிட்டு, சிரிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. குழந்தைகளுக்குப் புரியுமா என்று மட்டும் கேட்டார். புரியாது என்றேன். சிறிது யோசித்துவிட்டு, பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள் என்று சொல்லிப் போனார்.

திறப்பு நாளன்று பலகைகளை அரைவட்டமாக நிறுத்தினோம். இட நெருக்கடியில் ரொபின் ஹூட் ஓரத்துக்குப் போக, அலிஸுக்குப் பக்கத்தில் ஜேன் வந்துவிட்டார். ஒரு நீலச் சட்டைச் சிறுமி, அவளருகே முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் நீலச் சட்டைப் பெண். இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பெண்குழந்தை ஒவ்வொரு பலகையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். ஹோம்ஸைச் சொன்னாள். பீட்டர் பானைச் சொன்னாள். ரிச்சர்டைப் பேசாமல் கடந்தாள். அலிஸைக் கட்டிப்பிடித்தாள். பிறகு ஜேனுக்குப் பின்னால் போய், அந்தப் பக்கம் முகம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். வெறும் ஒட்டுப்பலகையும் தச்சர் அடித்த இரண்டு ஆணிகளும்தான் இருந்தன. திரும்பி வந்து தன் தாயிடம், இது அலிஸின் அம்மா, மகளைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருக்கிறார் என்று விளக்கினாள்.